பாட்டிக்கு முகம் வரையும் கணினி

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. போனவர்களின் கடவுச்சீட்டுக்கென எடுத்த படத்தின் ஒரு பிரதியே தோட்டத்தில் தங்கிவிட்ட சில குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் ஒரே முகம். அப்படியொரு படத்தை வலப்பனையிலிருந்து நண்பரொருவர் கணினியில் "தெளிவாக்கி" அனுப்பியிருந்தார். தோல் பளிங்காய் மின்னியது. கன்னத்துச் சுருக்கத்தையும் மூக்குத்தியையும் காணோம்.

இத்தகைய செயலிகள் தொலைந்த விபரத்தை மீட்பதில்லை. தாம் கற்ற முகங்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகின்றன. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தின் 'பல்ஸ்' நிரல் மங்கலான ஒபாமாவை வெள்ளையராக்கியது நினைவிருக்கலாம். கொழுந்து பறித்த நம் பாட்டிமாரை அவை எங்கே கண்டன?

வாட்ஸ்அப்பில் வந்த பிரதியைத் தொடாதீர்கள். ஜேபெக் சுருக்கம் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து நுண்விபரத்தைக் களைகிறது; உருப்பெருக்கினால் அக்கட்டங்களே பெருக்கும். மூலப்படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். பத்திரிகையில் அச்சான படமெனில் ஸ்கேனரிலுள்ள 'டீஸ்கிரீன்' வசதியைப் பாவியுங்கள். இல்லையேல் மைப்புள்ளிகள் அலையலையாய்த் தெரியும் (அவற்றோடு பல்லாண்டு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்). இரைச்சலை முதலில் மெல்லக் குறைத்து, பிறகு பெரிதாக்குங்கள்.

செயலி தந்த முகத்தையும் சுவரில் மாட்ட ஆசையெனில், அது கணினி வரைந்ததென்று பின்புறத்தில் எழுதி வையுங்கள்.