அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்தலாமா?

அரக்கோணத்துச் சகோதரி ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். மகள் பி.காம். இரண்டாம் வருஷம். முதல் வருஷத்து அக்கவுண்ட்ஸ் பேப்பர் போய்விட்டதாம். "ஒரு வருஷம் வீணாப் போச்சு, நின்னுடட்டும், வரன் பார்க்கலாம்னு அவங்கப்பா ஒத்தைக் கால்ல நிக்கறார். நான் என்ன பண்றது?" என்று கேட்கிறார்.

வருஷம் ஒன்றும் வீணாகவில்லை, சகோதரி! ஃபெயில் என்றால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. காலேஜில் அப்படி இல்லை. மேல் வகுப்புக்குப் போய்க்கொண்டே, அடுத்த பரீட்சை சமயத்தில் பணம் கட்டி அந்த ஒரு பேப்பரை மட்டும் எழுதிவிடலாம். டிஸ்டிங்ஷனும் ராங்கும் கை நழுவும், அவ்வளவுதான். பட்டம் கிடைக்கும்.

"53 மார்க் வாங்கியும் ஃபெயிலா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அது நடக்கும். காலேஜிலேயே போடுகிற மார்க் 25, பல்கலைக்கழகப் பரீட்சைக்கு 75. மொத்தத்தில் 40 வந்தால் மட்டும் போதாது. அந்த 75-ல் தனியாக 30 எடுத்தாக வேண்டும். உள்ளே 25-க்கு 25 வாங்கி, வெளியே 28 எடுத்தால் 53-தான், ஆனால் மார்க் ஷீட்டில் "யு" என்று விழும். மறுபடி எழுது என்று அதற்கு அர்த்தம். பெண் படிக்கவில்லை என்று திட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். இரண்டு மார்க்கில் போயிருந்தால் மறுமதிப்பீட்டுக்கு உடனே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப் போடக் கூடாது. அரியரையும் ஆறப் போடாதீர்கள். பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய பாடத்துக்குப் புத்தகம் தேடுவதே பெரும்பாடு.

உண்மையில் பயப்பட வேண்டியது அரியருக்கு இல்லை, வருகைப் பதிவுக்கு. 75 சதம் வேண்டும். பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் லீவுக்கு இடம் 22 நாள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, சித்தி வீட்டு வளைகாப்பு, மாதாமாதம் வயிற்றுவலி என்று இரண்டு மூன்று நாள், போதாததற்கு ரயில் தாமதம்! பெண் பிள்ளைக்கு 22 நாள் எந்த மூலைக்கு? 65 சதம் வரை இருந்தால் காரணம் காட்டி, பணம் கட்டி, பரீட்சை எழுதலாம். அதற்கும் கீழே என்றால் அந்தப் பருவப் பரீட்சை இல்லை. 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டியதுதான். மாதாமாதம் வலி துடிக்க வைக்கிறதென்றால் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்குப் போகிற பெண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தி. ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கம் போகிறவள் 2002-ல் ஏற்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் சேர்த்தி. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்குத் தனிச் சட்டம். நான் சொன்னது பொதுவான விதி. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டு முடிவு செய்யாமல், மகளின் காலேஜ் கையேட்டை வாங்கிப் படியுங்கள்.

அவள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருமே! 2022 செப்டம்பரில் ஆரம்பித்த திட்டம். படிப்பை நிறுத்தினால் அந்தப் பணமும் நின்றுபோகும். இதை அவங்கப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், சில சமயம் கணக்கு பேசும்.

அப்படியும் கல்யாணம் முடிவாகிவிட்டால் டி.சி. மட்டும் வாங்காதீர்கள். கல்யாணமான பெண் படிக்கக் கூடாதென்று சட்டம் இல்லை. பேறுகால விடுப்புக்கும் வருகைச் சலுகைக்கும் விதி செய்யும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. சென்னைப் பல்கலைக்கழக விதியில், கர்ப்பமான மாணவிக்கு அந்த 65 சதம் 55 ஆகக் குறைகிறது. அரசு ஆஸ்பத்திரி மகப்பேறு டாக்டரின் சர்டிபிகேட்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.