கைப்பேசியும் கைம்முதலும்

மதுரைக் கீழமாசி வீதியிலும் உசிலம்பட்டிச் சந்தையிலும் கைப்பேசியைக் காட்டிக் கணக்குத் தீர்க்காதார் இன்று அரியர். அதே கைப்பேசி இப்போது குடும்பத்தின் கைம்முதலிலும் கைவைத்துவிட்டது.

மேலூர், திருமங்கலப் பக்கங்களில் நெல்விற்ற காசு முன்பெல்லாம் நகையாயிற்று, நிலமாயிற்று, ஏலச்சீட்டாயிற்று, ஒருபகுதி தாய்மாரின் அடுக்குப்பானையில் சிறுவாடாய்க் கிடந்தது. இன்று அது மகனின் விரல்நுனி வழியே மும்பைச் சந்தைக்குப் போகின்றது. தந்தைக்குக் கணக்குத் தெரியும். தாய்க்குச் சிக்கனம் தெரியும். மகனுக்குச் செயலி தெரியும். செயலி தெரிந்தவனே வீட்டின் பொருளமைச்சன்!

பங்கு வணிகம் தீதென்று யாம் கூறவில்லை. தரகன் வாயிலில் காத்துக்கிடந்த நிலை ஒழிந்தது நன்றே. 2020 மார்ச்சில் இந்தியா முழுமைக்கும் 4 கோடியளவாயிருந்த பங்குக் கணக்குகள் 2022 ஆகத்தில் 10 கோடியைக் கடந்தன.

ஆயின் விரல்திறம் வேறு, பொருளறிவு வேறு. பங்கையே வாங்காமல் அதன் விலை ஏறுமா இறங்குமா எனப் பணையம் வைக்கும் முன்பேர, தெரிவுரிமை வணிகத்தைப் பாருங்கள். அதில் இறங்கிய தனியாளருள் 93 விழுக்காட்டினர், 2022 முதல் 2024 வரையான மூன்று கணக்காண்டுகளில் தோற்றனர் என்று பங்குச்சந்தைக் கண்காணிப்பு வாரியமான செபியே 2024-இல் வெளியிட்டது. இழப்பு 1.8 இலக்கம் கோடி உருபாவுக்கு மேல். 2024 கணக்காண்டில் இவ்வாறு இறங்கியவருள் முக்கால் பங்கினர் ஆண்டு வருவாய் 5 இலக்கத்துக்கும் குறைவாகக் காட்டியவர். நூற்றுக்கு 43 பேர் முப்பது அகவை நிரம்பாதவர்.

அறிவு ஏன் கூடவில்லை? மொழியைப் பாருங்கள். புதிதாய்ப் பங்கு விற்கவரும் குழுமங்கள் தம் விளக்க ஆவணத்தைப் படமும் குரலுமாகச் சுருக்கித் தரவேண்டுமென 2024 மேத் திங்களில் செபி ஆணையிட்டது. நல்ல ஆணைதான். எம்மொழிகளில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! உசிலம்பட்டி உழவனின் காசுக்கு மொழி கேட்பாரில்லை. அவன் காதுக்கு மட்டும் இந்தியாம்.

சில செயலிகள் தமிழ்முகம் காட்டுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் வாங்கவும் விற்கவும் தமிழ், குழுமத்தின் கடன்நிலையை அறிய ஆங்கிலம் என்றால், காசைப் போடுமிடத்தில் மட்டும் தமிழ் என்றாகின்றது. (சென்னைப் பங்குச் சந்தையும் 2015-இல் மூடப்பட்டது, கோவைச் சந்தை அதற்கு முன்பே முடிந்தது.)

விளக்கமும் விழிப்புரையும் முழுமையாகத் தமிழில் வேண்டும் என்று கேட்போம். அதுவரை இதழன்பர் ஒன்று செய்க. மகன் விசையை அழுத்துமுன், எதை வாங்குகிறான், அது எவ்வாறு ஈட்டுகின்றது, முழுதும் போனால் வீடு எப்படி நடக்கும் என்பதைத் தாய்க்கு விளங்கத் தமிழில் சொல்லச் சொல்லுக. அவனால் சொல்ல இயலாவிடின், அக்காசு அடுக்குப்பானையிலேயே கிடக்கட்டும்.