பாட்டரி மேல் பழி

மூன்று நான்கு வருஷம் உழைக்க வேண்டிய கார் பாட்டரி ஒரே வருஷத்தில் இரண்டு தடவை செத்துப்போனால், பாட்டரி செய்தவன் அயோக்கியன் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஒர்க் ஷாப்காரரும் அதற்கு ஒத்து ஊதுகிறார். "புதிசு போட்டுடலாம் ஸார்" என்கிறார். போடுகிறோம். நாலு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பொத்தானை அமுக்கினால் 'டக் டக்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான்.

இது என்ன வைத்தியம் என்று கேட்கிறேன். நோயாளி வெளுத்துக்கொண்டே போகிறான். டாக்டர் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றுகிறார். ரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டாமா?

1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் கெட்டரிங் என்ற அமெரிக்கரின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது, எஞ்சினைச் சுழற்றி விளக்கை எரித்தால் பாட்டரியின் கடமை முடிந்தது. இன்றைய வண்டியிலோ கதவுக்கு ஒன்று, பாட்டுப் பெட்டிக்கு ஒன்று, திருட்டு மணிக்கு ஒன்று என்று ஏகப்பட்ட சின்னக் கம்ப்யூட்டர்கள். 1986-இல் பாஷ் கம்பெனி வெளியிட்ட 'கான்' என்ற ஏற்பாட்டின்படி, அவை இரண்டு கம்பிகளின் வழியே ஓயாமல் பேசிக்கொள்கின்றன. நாம் கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகு, சில நிமிஷங்களிலோ சில வண்டிகளில் ஒரு மணி நேரம் கழித்தோ, ஒவ்வொன்றாகத் தூங்க வேண்டும். கல்யாண வீட்டுக் கூடத்தில் ஒரு கிழவர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் கண் மூட முடியுமா? அதே கதைதான் இங்கேயும்.

தூங்குகிற வண்டியும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கத்தான் செய்யும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. 45 ஆம்பியர்-அவர் பாட்டரியில் நாளைக்கு 1.2 போகும், காலியாக ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். அதுவே அரை ஆம்பியர் ஆனால் நாளைக்கு 12. நாலு நாளில் சுத்தமாக வற்றிவிடும். மூடியும் அணையாத ஐந்து வாட் பல்பு ஒன்று போதும், ஏறத்தாழ இந்தக் காரியத்தைச் செய்ய. இப்படி அடிக்கடி வற்றினால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் ஸல்பேட் உறைந்து, நல்ல பாட்டரியும் நிஜமாகவே கெடும். உடனே ஒர்க் ஷாப்காரர், "பார்த்தீர்களா, பாட்டரிதான்!" என்கிறார். கொலையுண்டவனையே குற்றவாளியாக்குகிற நியாயம்!

"எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, யாரால் கண்டுபிடிக்க முடியும்?" என்கிறவர்கள் சில நூறு ரூபாய் மீட்டர் ஒன்றைக் கண்ணால் பார்த்ததுண்டா? முதலில் பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்க வேண்டும். ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது சுமார் 14. இவை சரியென்றால் ஒழுகலைத் தேட வேண்டியதுதான். பானெட்டைத் திறந்து, திறந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைக்க வேண்டும். சாவியை வண்டியருகே வைக்கலாகாது. சில வண்டிகள் அதன் வாசனை பட்டாலே விழித்துக்கொள்ளும். நெகடிவ் கம்பிக்கும் பாட்டரிக்கும் நடுவே மீட்டரை வைத்துக் காத்திருக்க வேண்டும். எண் இறங்கவில்லையா? பியூஸ்களைப் பிடுங்காதீர்கள், பிடுங்கிச் செருகினால் தூங்கினதும் எழுந்துவிடும். ஒவ்வொரு பியூஸின் தலையிலும் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லி வோல்ட் பார்த்தால் போதும். பூஜ்யமானால் அந்த வழியில் ஓட்டமில்லை; எண் காட்டுகிற இடத்தில்தான் திருடன். எல்லாமே பூஜ்யமானால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு கோஷ்டி, ராத்திரி நெகடிவ் கம்பியைக் கழற்றிவைக்கச் சொல்கிறது. திருடன் வருகிறான் என்று தினம் இரவில் வீட்டைக் காலி செய்வது போன்ற யோசனை! கடிகாரம் போயிற்று, திருட்டு மணியும் ஊமையாயிற்று.

ஒர்க் ஷாப்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. சாமானுக்குக் காசு கொடுக்கிற நாம் தேடுகிற நேரத்துக்குக் கொடுப்பதில்லை. அவர்கள் மட்டும் ஏன் தேடுவார்கள்? என் நண்பர் ஒருவர் முணுமுணுக்காமல் இரண்டு பாட்டரி வாங்கினார். கடைசியில் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன் ஒன்றேகால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடித்தார்: முன் கண்ணாடியில் மாட்டிய காமிராவை, சாவி நிறுத்தினாலும் ஓட்டம் நிற்காத கம்பியில் யாரோ இணைத்திருந்தார்கள். கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டு 800 ரூபாய் கேட்டார். நண்பருக்கு வந்ததே கோபம்! "ஒரு சாமானும் போடவில்லையே, சும்மா பார்த்ததற்கா இவ்வளவு?" என்றார்.