இளையோருக்குப் பொய்க் கலகம் விற்காதீர்

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று கடந்த இருபது ஆண்டுகளில் ஆங்கிலத்தில் எழுதிக் குவிக்கப்பட்ட மாயப் புனைவுகளிலும், கொடுங்கோல் அரசுகளைக் காட்டும் எதிர்காலக் கதைகளிலும் பெரும்பாலானவை வாசகரை ஏமாற்றுகின்றன. நடை சுமார், கதை இழுவை என்று மதிப்புரை எழுதி முடித்துவிடக்கூடிய குறையில்லை இது. மனிதருக்கு எண் குத்தி, பட்டினி போட்டு, சுவருக்குள் அடைத்து ஆளும் ஓர் அரசைப் பிள்ளைகளின் கண்முன் நிறுத்துகிறார்கள். அந்த அரசு யாருடைய ஒத்துழைப்பில் நிற்கிறது, எதனால் விழும் என்ற கேள்வி வரும்போது வாயை மூடிக்கொள்கிறார்கள். கடைசியில் இரண்டு வாலிபர்களில் நாயகி யாரைக் கட்டிக்கொள்வாள் என்பதில் கதை முடிகிறது. பதினான்கு வயதில் படிக்கும் கதை நியாய உணர்வில் பதிந்துவிடும். அந்த வயதில் போலியைக் கொடுப்பது அறப்பிழை.

தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகை கடமலைக்குண்டைக் கடந்துதான் கீழே போகிறது. இலவம் பஞ்சும் தென்னையும் முருங்கையும் விளையும் பூமி. இங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் கைக்கு இந்த ஆங்கில நாவல்கள் புத்தகமாக வருவது அபூர்வம்தான். ஆனால் அவற்றின் கதை வந்துவிடுகிறது. கைபேசியில் படமாக வருகிறது. படத்தின் சுருக்கமாக வருகிறது. அதைப் பார்த்து எழுதிய தமிழ்த் தொடராக வருகிறது. எதில் வந்தாலும் அச்சு ஒன்றே: பிறப்பிலேயே சக்தி வாய்த்த ஒருவர் வருவார், மற்றவர்கள் அவர் பின்னால் நிற்பார்கள், அவர் எல்லோரையும் மீட்பார். நாம் கவலைப்படுவது இந்த அச்சைப் பற்றித்தான்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். சுசான் காலின்ஸ் 2008-ல் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' இந்த வகையின் தரமான படைப்பு. அதில் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் குலுக்கலில் எடுக்கப்பட்டு, தொலைக்காட்சியில் ஒருவரையொருவர் கொன்று தீர்க்க அனுப்பப்படுகிறார்கள். அந்தக் குலுக்கலின் விதியைக் கவனியுங்கள். பசித்த குடும்பத்துப் பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிப் போட்டால் வீட்டுக்குத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். ஆண்டுக்கு ஆண்டு அந்தச் சீட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். சட்டம் எல்லோருக்கும் பொது. சாவு மட்டும் ஏழை வீட்டுக்கு அதிகம். வறுமையை ஓர் அரசு எப்படித் தன் ஆயுதமாக்குகிறது என்பதை இந்த ஒரு விதியில் காலின்ஸ் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டார். தொலைக்காட்சியில் போட்டி நிகழ்ச்சி ஒன்றையும் ஈராக் போர்க் காட்சிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது இந்தக் கதை தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். கண்ட உண்மையிலிருந்து பிறந்ததால்தான் கதை நிற்கிறது. அதன் நாயகிக்குப் பிறவிச் சக்தி ஏதும் கிடையாது. தங்கைக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வருகிறாள், அவ்வளவுதான்.

அதன் வெற்றியைப் பார்த்து வந்தவை வேறு மாதிரி. கீரா காஸ் 2012-ல் எழுதிய 'தி செலக்ஷன்' நாவலில் நாடே எட்டுச் சாதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்றிலிருந்து எட்டு வரை எண். பிறப்பால் எண், எண்ணுக்கு ஏற்ற தொழில். நாயகி ஐந்தாம் சாதி, அவள் காதலன் ஆறாம் சாதி. கேட்டதும் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. நம் வாழ்க்கையல்லவா இது! ஆனால் நாவலாசிரியருக்கு அந்த எட்டுச் சாதியும் மேடைத் திரைச்சீலை மட்டும்தான். 35 பெண்கள் அரண்மனைக்குப் போய் இளவரசனைக் கைப்பிடிக்கப் போட்டியிடுவதே கதை. எந்த உடை, எந்த விருந்து, எந்த முத்தம் என்பதில் பக்கங்கள் ஓடுகின்றன. அந்தப் புத்தகம் வந்த அதே ஆண்டு நவம்பரில், தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியில், சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டித் தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. சாதி என்றால் என்ன நடக்கும் என்று அறிந்த மண்ணில் நின்று சொல்கிறோம்: பிறப்பால் மனிதரைத் தரம் பிரிக்கும் கொடுமையைக் காதல் கதைக்கு அலங்காரமாக்குவது கண்டிக்கத்தக்கது.

வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) நன்றாகத்தான் தொடங்குகிறது. மக்களை ஐந்து பிரிவுகளில் அடைக்கும் ஊரில், எந்தப் பிரிவிலும் அடங்காத பெண் ஒருத்தி. மூன்றாம் பாகத்துக்கு வந்தால், அவள் அடங்காததற்குக் காரணம் அவளுடைய பழுதற்ற மரபணுதான் என்கிறார்கள். மரபணுவை வைத்து மனிதரைப் பிரிப்பது தவறு என்று கதை வாதாடத்தான் செய்கிறது. ஆனாலும் அவளுடைய துணிச்சலின் வேரை அது உடம்பிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டது. விக்டோரியா அவேயார்டின் 'ரெட் குயீன்' (2015) சிவப்பு இரத்தத்தார் உழைக்க, வெள்ளி இரத்தத்தார் ஆள்வதைக் காட்டுகிறது. அடிமைப்பட்ட கூட்டத்திலிருந்து எழும் நாயகிக்கும் ஆள்வோரைப் போலவே பிறவிச் சக்தி இருந்தால்தான் கதை நகரும். இரத்தத்தால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்ல வந்த கதையே இரத்தத்தில் போய் அடைக்கலம் புகுகிறது. எவ்வளவு பெரிய தோல்வி இது!

வணிகமும் தன் பங்குக்குக் கெடுத்தது. ஒரு புத்தகத்தில் முடிய வேண்டிய கதை மூன்றானது. மூன்றாவது புத்தகத்தை இரண்டு படமாக வெட்டுவது வழக்கமானது; 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் 'மாக்கிங்ஜே' 2014-லும் 2015-லும் இரண்டு படங்களாக வந்தது. 'டைவர்ஜென்ட்' வரிசையின் கடைசிப் புத்தகத்தையும் அப்படியே வெட்டினார்கள். 2016-ல் வந்த முதல் பாதி ஓடவில்லை. இரண்டாம் பாதி எடுக்கப்படவே இல்லை. கதை முடிவை எதிர்பார்த்துக் காத்திருந்த பிள்ளைகளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்தக் கதைகள் கற்பனை செய்யும் கொடுமைகளை நம் பாட்டனார்கள் உண்மையாகவே அனுபவித்திருக்கிறார்கள். 1911-ம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஒரு சாதியில் பிறந்ததே குற்றமாயிற்று. மதுரைச் சீமையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பிரமலைக் கள்ளர்களின் பெயர்கள் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறின. கைரேகை எடுக்கப்பட்டது, அதனால்தான் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ஆண்கள் இரவில் வீட்டில் படுக்க முடியாது. சாவடியில், காவலின் கண்பார்வையில் படுக்க வேண்டும். புதுமாப்பிள்ளைக்கும் விலக்கில்லை. பிறப்பால் முத்திரை, இரவில் தலை எண்ணுதல், வெளியூர் செல்லத் தடை: எந்த எதிர்கால நாவலும் இதற்கு மேல் எதைப் புதிதாகக் கற்பனை செய்துவிட்டது?

அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் யார் என்பதில்தான் நம் பிள்ளைகளுக்கான பாடம் இருக்கிறது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3-ம் நாள் ஊரே சேர்ந்து ரேகை வைக்க மறுத்தது. காவல்துறை சுட்டதில் 16 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அதில் ஒருவர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. அங்கே தீர்க்கதரிசனம் இல்லை, பிறவிச் சக்தி இல்லை, மந்திரக்கோல் இல்லை. கலப்பை பிடித்த கைகள் மையில் விரல் வைக்க மாட்டோம் என்றன. அதன் பிறகும் பல ஆண்டுகள் பல தலைவர்களும் பெயர் தெரியாத பல்லாயிரம் பேரும் போராடித்தான் 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. கொடுங்கோன்மை எப்படி விழும் என்பதற்கு இதைவிட நேர்மையான விடை எந்தக் கதையில் இருக்கிறது?

இந்த வரலாறு பெரியவர்களுக்கு எழுதப்பட்டுவிட்டது. சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008-ல் வந்தது, 'தி ஹங்கர் கேம்ஸ்' வந்த அதே ஆண்டு. 2011-ல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. வைகை அணைக்காகத் தண்ணீருக்குள் போன கிராமங்களின் துயரத்தை வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆக்கினார். அதற்கும் 2003-ல் அதே விருது. இரண்டும் பெருநூல்கள், பெரியவர்களின் நூல்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதையை யார் சொன்னார்கள்? மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பள்ளிப் பலகையில் அந்தப் பெயரை நாள்தோறும் படித்துக்கொண்டே உள்ளே போகும் மாணவருக்கு, அந்தப் பெயர் ஏன் அங்கே வந்தது என்று விறுவிறுப்பாகச் சொல்லும் ஒரு நாவல் கையில் கிடைப்பதில்லை. குற்றவாளிக் கூண்டில் நாமும்தான் நிற்கிறோம்.

தமிழுக்கு இது முடியாத காரியமில்லை. சுஜாதா 1980-களிலேயே ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, பிள்ளை பெறவும் அரசு அனுமதி, கணவனைத் தேடிப் புறப்படும் நிலா, சிந்திக்கத் தொடங்கிவிட்ட ஜீனோ என்ற இயந்திர நாய். மக்கள் வணங்கும் தலைவன் வெறும் பிம்பம், பிம்பத்தைக் கவிழ்ப்பவர்களே அடுத்த பிம்பத்தை நிறுத்தக்கூடும் என்பதை அந்தக் கதை அன்றைய இளையோருக்குச் சொன்னது. எஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பேசும் மரப்பாச்சி என்ற மாயத்தை வைத்து, தன் உடம்பு தன்னுடையது, தொடக்கூடாதபடி தொடுபவரைப் பற்றி வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுக்கிறது. மாயம் அங்கே உண்மைக்கு ஊழியம் செய்கிறது. இப்படிப்பட்ட நூல்கள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பதுதான் வேதனை.

பிள்ளைகள் பொழுதுபோக்குக்குப் படிக்கிறார்கள், அதில் போய் அறம் தேடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எதையாவது படிக்கட்டும், படிக்கும் பழக்கம் வந்தால் போதும் என்பார்கள். படிக்கும் பிள்ளையின் கையிலிருந்து எந்தப் புத்தகத்தையும் பிடுங்கச் சொல்லவில்லை, பிடுங்கவும் கூடாது. காதலும் வேண்டும், சாகசமும் வேண்டும். ஆனால் கொடுமையைக் கையில் எடுத்த எழுத்தாளருக்கு அந்தக் கொடுமைக்கு உண்மையாக இருக்கும் கடன் உண்டு. பிள்ளைகளுக்குக் கலப்படமான தின்பண்டம் விற்றால் ருசியாக இருந்தது என்பது விடையாகாது. துப்பாக்கிச் சூட்டையும் ஊர் அழிவையும் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு தயக்கம். வருசநாட்டு மலைக் கிராமத்துப் பிள்ளைகளிடம் இந்தத் தயக்கம் செல்லாது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது முதல், எங்களை இறக்கிவிடுவார்களா என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் அவர்கள் வளர்கிறார்கள். அவர்களுக்கு அச்சம் ஏற்கெனவே தெரியும். அதைப் புரிந்துகொள்ளும் வழிதான் தெரிய வேண்டும்.

கதைக்கு இங்கே பஞ்சமா? சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை 2023 மே மாதம் கம்பம் நகர வீதிக்குள் நடந்து வந்தது. ஊரில் 144 தடை உத்தரவு. மீண்டும் பிடித்துத் தென்கோடிக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாடு கடத்தப்பட்டவனுக்கு ஊர் எது என்ற கேள்வியை அந்த யானையின் கண் வழியே கேட்க ஒரு நாவலாசிரியர் வர வேண்டாமா? பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது, மக்கள் எதிர்த்தார்கள். அறிவியலின் தாகமும் மலையடிவாரத்து மக்களின் பயமும் நேருக்கு நேர் நின்ற அந்த வழக்கில் இரு பக்கத்து நியாயத்தையும் எடை போடப் பதினைந்து வயது மனதால் முடியும். எழுதிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே கேட்பதைத் தெளிவாகக் கேட்கிறோம். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகக் கடமலைக்குண்டுக்காரர்களும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் வாங்கும் நூல்களில் பதின்ம வயதினருக்கென்று தனிப் பங்கு ஒதுக்கப்பட வேண்டும். ஊர்ப்புற நூலகம் வரை அது போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கல்வித் துறை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று சிறுவர் இதழ்களை நடத்துகிறது, நல்ல முயற்சி. அடுத்த படியாக ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு நாவல் தொடர் வேண்டும். பதிப்பாளர்கள் மேல்நாட்டு அச்சில் வார்த்த தழுவல்களை நிறுத்திவிட்டு, தேனியிலும் உசிலம்பட்டியிலும் களம் கண்டு எழுதுகிறவர்களுக்கு முன்பணம் கொடுக்கட்டும். எழுத்தாளர்கள் நாயகனின் இரத்தத்தைச் சோதிப்பதை விட்டுவிட்டு, ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியவள் யார் என்று விசாரிக்கட்டும்.

பிறப்பால் வந்த மீட்பரை நம்பிக் காத்திருக்கச் சொல்லும் கதை, பிறப்பால் வந்த எஜமானனுக்குப் பணியச் சொல்லும் கதைக்கு அண்ணன் தம்பி. சாதியை இன்னும் ஒழித்து முடிக்காத நாட்டில் அதைப் பிள்ளைகளுக்கு விற்பது தவறு. அதைவிட நல்லதை எழுதித் தரக்கூடிய நாம் எழுதாமல் இருப்பது அதனினும் பெரிய தவறு.