தையல்காரருக்கு மூச்சுப் பயிற்சியா?

தீபாவளி நெருங்கினால் போதும், நமது பெரும் பத்திரிகைகளுக்குச் சிறு தொழில் செய்வோர்மீது திடீரென்று பாசம் பொங்கி வழிகிறது. தனி ஆளாய்க் கடை நடத்துவோரே, பண்டிகைக் காலத்தில் மனத்தைத் தளரவிடாதீர்கள். காலையில் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். வேலையில் பாதியைப் பிறரிடம் ஒப்படையுங்கள். முடியாததற்கு 'முடியாது' என்று சொல்லப் பழகுங்கள் என்று உபதேச மழை பொழிகிறார்கள். ஆகா, என்னே கருணை!

தெருமுனையில் எட்டடி அறையில் ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரர் யாரிடம் ஒப்படைப்பார்? அளவெடுப்பவர் அவர். துணி வெட்டுபவர் அவர். தைப்பவர் அவர். இஸ்திரி போடுபவரும், 'என் பிள்ளை சட்டை ஆயிற்றா?' என்று பத்தாவது முறை வந்து கேட்பவருக்குப் பதில் சொல்பவரும் அவரேதான். காஜா எடுக்கவும் ஊக்கு வைத்துத் தைக்கவும் வீட்டில் மனைவி இரவெல்லாம் குனிந்திருக்கிறாள். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கும் பெண்ணுக்கோ இத்தனையோடு தீபாவளிப் பலகாரமும் அவள் தலையில்தான். 'முடியாது' என்று சொல்லலாமாம்! சொன்னால் வாடிக்கைக்காரர் அடுத்த தெருவுக்குப் போவார். பொங்கலுக்கும் திரும்பி வரமாட்டார். ஆடியில் ஈ ஓட்டியவர் ஐப்பசியில் வந்த வேலையை எப்படித் தள்ளுவார்?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று எல்லை கட்டியது. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. தொழிலாளர் இயக்கம் இரத்தம் சிந்திக் கண்ட பலன் அது. ஒற்றை மெஷின்காரருக்கு எந்தச் சட்டம் எல்லை கட்டுகிறது? பண்டிகைக்கு முந்திய பத்து நாட்களில் அவர் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் மெஷினை மிதித்தாலும் கேட்பாரில்லை. கேட்டால், 'அவருக்கு அவரே முதலாளி அல்லவா?' என்று பதில் வருகிறது!

இந்த நெருக்கடி வானத்திலிருந்து விழுந்ததல்ல. துணி ஏன் கடைசி வாரத்தில் வந்து குவிகிறது? மக்கள் சோம்பேறிகள் என்பதாலா? கையில் காசு அப்போதுதான் வருகிறது! 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம், கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுத்தால் போதும் என்று முதலாளிக்குச் சலுகை காட்டியது. அந்தச் சட்டத்தை விழுங்கிய 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்த எட்டு மாதத்தை அப்படியே வைத்திருக்கிறது. மார்ச்சில் கணக்கு முடிந்தால் நவம்பர் கடைசி வரை தவணை. தீபாவளியோ அதற்கு முன்பே வந்து போய்விடும்! ஆகவே 8.33 சதவீதத்தைக்கூட இழுத்தடித்துப் பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது கொடுக்கிற முதலாளி சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார். போனஸ் தாமதம், ஜவுளி தாமதம், தையல்காரருக்குத் தூக்கமில்லாத இரவுகள். அவருடைய கண்ணெரிச்சல் ஆலை அலுவலகத்தில் தயாராகிறது.

இனிக் கடன் கதை. நூல், லைனிங், கேன்வாஸ், பட்டன், ஊக்கு எல்லாம் முன்கூட்டி வாங்கியாக வேண்டும். கூலியோ துணி கொடுக்கும்போதுதான் கிடைக்கும்; சிலரிடம் பண்டிகை கழிந்த பிறகும் கிடைக்காது. வங்கி ஜாமீன் கேட்கிறது. தண்டல்காரர் எதுவும் கேட்பதில்லை. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று எழுதி, முன்வட்டியாக ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலிப்பார். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக் கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது! தீபாவளியன்றும் தண்டல்காரர் சைக்கிளை நிறுத்துவார்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தமிழ்நாட்டுச் சட்டம் 2003-இல் தடை விதித்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017 அக்டோபர் 23-ஆம் நாள், தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமை தாளாத ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீயில் வெந்தார். சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. மூச்சுப் பயிற்சிப் பண்டிதர்கள் இதற்கு என்ன ஆசனம் சொல்லுவார்கள்?

இன்னொரு புறம் இணையப் பகாசுரக் கம்பெனிகள். தீபாவளிக்கு வாரக் கணக்கில் முன்பே தள்ளுபடித் திருவிழா தொடங்கிவிடுகிறது. பிறர் மூலதனத்தைக் கொட்டி நட்டத்துக்கும் விற்று எதிராளியை ஒழிக்கும் வலு அவர்களுக்கு உண்டு. ஆயத்த ஆடையே கூடாது என்பதல்ல நமது வாதம். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு அதைத் தைக்கிறவரும் நம்மவர்தான். அவர் கழுத்தை நெரிப்பதும் இதே விலைப் போட்டிதான்.

'தனக்குத் தானே முதலாளி' என்ற பசப்பையும் பார்த்துவிடுவோம். இப்படிப்பட்ட கைவினைஞரை மார்க்ஸ் இரண்டு ஆளாகப் பிரித்துக் காட்டினார்: கருவி வைத்திருப்பதால் முதலாளி, உழைப்பதால் தனக்குத் தானே கூலியாள். சரி, அந்த முதலாளியின் லாபம் எங்கே? வாடகைக்கும் வட்டிக்கும் போனது போக மிஞ்சுவது கூலியாளின் அரை வயிற்றுக் கூலி மட்டும். முதலாளி என்ற பட்டம் மட்டும் பாக்கி!

சர்க்கார் இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறதே என்பார்கள். கொடுக்கட்டும், நூலுக்குக் காசு? தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அரசு ஊழியருக்கு வட்டியில்லாப் பண்டிகை முன்பணம் இருக்கிறது; நியாயமான ஏற்பாடு. அதே முன்பணத்தை வாரியத்தின் மூலம் தையல்காரருக்கும் கொடுக்க எது தடை? பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே போனஸ் என்று சட்டத்தைத் திருத்து! 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் புகாரைக் காவல் நிலைய மேசையில் தூங்கவிடாதே! கூட்டுறவு வங்கிக் கடனை ஜாமீன் கேட்காமல், நூல் வாங்கும் ஆவணி மாதத்திலேயே கொடு! வாரிய அட்டை உள்ளவர்களும் இல்லாதவர்களும் தெருத் தெருவாகக் கையெழுத்துத் திரட்டி இந்த மனுவை மாவட்ட ஆட்சியரிடம் சேர்ப்பதற்கு ஆடி மாதம் வசதியான காலம். அப்போது மெஷின் சும்மாதான் இருக்கிறது.