காக்கிச் சட்டைக்குச் சங்கம் இல்லை

1940இல் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில், பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானதை நாம் மறக்கவில்லை. காக்கியைக் கண்டால் இன்றும் நம் லயங்களில் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் மண்சரிவு இரவில் நனைந்தபடி வீதியை மறித்து நிற்கும் கான்ஸ்டபிளும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். தன் குறையைச் சொல்ல அவருக்குத் தொழிற்சங்கம் கிடையாது. சட்டம் இடம் தரவில்லை. நமக்காவது அது இருக்கிறது. அவரை ஏச வேண்டாம்.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள்; அது அரசியலமைப்பு தந்த உரிமை. விளங்காத சிங்களத்தில் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.