வீட்டில் கட்டிய விமானம்: கசிவை மூடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்!

விமானம் என்றதுமே பெரிய தொழிற்சாலையும் நூற்றுக்கணக்கான பொறியாளர்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்! கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ பெரும்பகுதி வேலையைத் தாங்களே செய்திருந்தால், அதைப் பரிசோதனை விமானம் என்று பதிவு செய்துகொள்ளலாம். 51 சதவீத விதி என்று இதைச் சொல்வார்கள்.

இது புதிய பழக்கமும் அல்ல. 1929-லேயே மின்னசோட்டா மாநிலத்தின் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைத் தன் விமானத்தில் பொருத்திப் பறந்தார். பின்னாளில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சின் பலருக்குக் கைகொடுத்தது. விலை குறைவு, எடை குறைவு, தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும். வேறென்ன வேண்டும்?

ஆனால் கார் எஞ்சின் நின்றால் ஓரங்கட்டி நிறுத்தலாம். வானத்தில் ஓரம் ஏது?

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் இத்தகைய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. விபத்துக் காரணங்களில் முன்னணியில் இருந்தவை இரண்டு: எஞ்சின் தொடர்பான கோளாறு, பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பது. இதைக் கேட்டதும் "கார் எஞ்சினை மாட்டினால் அப்படித்தான்" என்று சிலர் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு. எஞ்சினைவிடப் பயப்பட வேண்டியது, அறிகுறியை மட்டும் அடக்கிவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டுவைக்கும் பழுதுபார்ப்பு. எண்ணெய்க் கசிவு, எரிபொருள் கலவை என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டாலே இது புரியும்.

எண்ணெய் எங்கே கசிகிறது?

எண்ணெய் தெரியும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. பறக்கும்போது வீசும் காற்று, முன்பக்கம் கசிந்த ஒரு துளியைப் பின்பக்கம் முழுவதும் பூசிவிடும். ஈரமாக இருக்கும் இடத்தில் பசையைத் தடவுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கதைதான்!

சரியான வழி எளிமையானது. எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். சந்தேகமான இணைப்புகளில் வெள்ளைப் பவுடர் தூவ வேண்டும். தரையிலேயே சில நிமிடங்கள் ஓட்டி, நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். பவுடரில் முதலில் கோடு விழும் இடம்தான் குற்றவாளி. பீட்டில் எஞ்சினில் வால்வு மூடியின் கேஸ்கெட், புஷ்ராடு குழாய்களின் முனைச் சீல், கிராங்க் ஷாஃப்ட் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள்.

ஆனால் சீலை மாற்றியும் மறுபடி கசிந்தால்? அப்போது சீலைத் திட்டிப் பயனில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி, கிராங்க் கேஸில் அழுத்தத்தைக் கூட்டும். அந்த அழுத்தம் நல்ல சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். குளிர்ப் பிரதேசத்தில் மூச்சுக்குழாயின் முனையில் ஈரம் உறைந்து அடைத்தாலும் இதே கதைதான். இங்கே கசிவு ஒரு செய்தி மட்டுமே. செய்தி கொண்டுவந்தவனின் வாயை அடைத்தால் நோய் தீருமா?

கலவை கூடியதா, குறைந்ததா?

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு சக்திக்கு 12.5 அல்லது 13 பங்கு காற்றே போதும், அதாவது பெட்ரோல் சற்று கூடுதலாக இருக்க வேண்டும். முழு வேகத்தில் பெட்ரோல் குறைந்தால் சிலிண்டர் தலை சூடேறும், பிஸ்டனே ஓட்டையாகலாம். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அதே அளவு பெட்ரோல் அதிகமாகிவிடும். அதனால்தான் விமானி உயரத்தில் கலவையைக் குறைக்கிறார்.

எஞ்சின் முரண்டு பிடித்ததும் கார்புரேட்டர் திருகில் கை வைப்பது பலரின் பழக்கம். அதற்கு முன் எப்போது முரண்டு பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். மெதுவாக ஓடும்போது மட்டும் தடுமாறி, முழு வேகத்தில் சரியாக ஓடினால், காற்று உள்ளே போகும் குழாயின் இணைப்பில் கசிவு இருக்கலாம். ஏனெனில் மெதுவான ஓட்டத்தில்தான் உறிஞ்சும் விசை அதிகம், கள்ளக் காற்றும் அதிகம் நுழையும். விமானப் பெட்ரோலான 100 எல்.எல். நீல நிறம் கொண்டது. அந்த இணைப்பில் நீலக்கறை இருந்தால் அதுவே சாட்சி! மாறாக, முழு வேகத்தில் மட்டும் சூடேறினால் ஜெட்டையும் பெட்ரோல் வரத்தையும் சோதிக்க வேண்டும். மூக்கை மேலே தூக்கிய நிலையில் குழாயைக் கழற்றி, பாத்திரத்தில் பிடித்து அளக்கலாம். தானாக இறங்கிவரும் அமைப்பில், முழு சக்திக்கு வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும் என்பது கணக்கு.

கள்ளக் காற்று நுழையும்போது திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினால், எஞ்சின் தரையில் அழகாக ஓடும். ஆனால் கேஸ்கெட் தொடர்ந்து விரிந்துகொண்டே இருக்கும். அது முழுவதும் விட்டுப்போவது ஓடுபாதை முடிந்து மரங்கள் தொடங்கும் இடமாகவும் இருக்கலாம்...

பொறுமையும் ஒரு கருவிதான்:

"பழைய எஞ்சின் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு கொஞ்சம்? மணிக்கு எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்று எழுதி வைப்பவருக்குத்தான் நேற்றைய கொஞ்சமும் இன்றைய கொஞ்சமும் ஒன்றல்ல என்பது தெரியும். அதேபோல ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஜெட், கேஸ்கெட், பிளக் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எஞ்சின் சரியாகலாம், எது சரிசெய்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

வாங்கிய விமானத்துக்குத் தொழிற்சாலை பதில் சொல்லும். கட்டிய விமானத்துக்குக் கட்டியவரே தொழிற்சாலை, அவரே மெக்கானிக், பெரும்பாலும் அவரே விமானி. "இந்த வாரம் பறக்க வேண்டாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் தைரியம் இருப்பவருக்கே அந்தச் சுதந்திரம் பொருந்தும்.